சல்லடைக்குள் சல்லடை: டார்ட்ஸ் போட்டியின் கணக்கு

வாசகர் ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருந்தார். வட்டப் பலகையில் சிற்றம்பு எறியும் டார்ட்ஸ் விளையாட்டின் உலக சாம்பியன்ஷிப் ஆட்டம் ஒன்றைப் பார்த்தாராம். அதில் லெக்குகள் சேர்ந்தால் ஒரு செட், செட்கள் சேர்ந்தால் ஆட்டம். மொத்தமாக எண்ணிப் பார்த்தால் அதிக லெக் வென்றவர் தோற்றுவிட்டார். "இதற்குப் பேசாமல் லெக்குகளை மட்டும் எண்ணித் தொலைக்கலாமே, நடுவில் இந்த செட் எதற்கு?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல உட்கார்ந்தேன்; ஒரு மாலை முழுவதும் போய்விட்டது. அந்த மாலையில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

விதிகளைச் சட்டென்று பார்த்துவிடுவோம். பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கும். எறிபவர் 2.37 மீட்டர் தள்ளி நிற்பார். இருவரும் ஆளுக்கு 501 புள்ளியுடன் தொடங்கி, முறைக்கு மூன்று டார்ட் எறிந்து, எடுத்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு முறையில் எடுக்கக்கூடிய அதிகபட்சம் 180. கடைசி டார்ட் இரட்டிப்பு வளையத்திலோ நடுப்புள்ளியிலோ குத்தி, கணக்கு சரியாகப் பூஜ்யத்தில் முடிய வேண்டும். அது ஒரு லெக். முதலில் மூன்று லெக் வென்றவருக்கு ஒரு செட். முதல் சுற்றில் மூன்று செட், இறுதி ஆட்டத்தில் ஏழு செட் வென்றால் ஆட்டம் கையில்.

வாசகர் பார்த்த அநியாயம் எப்படி நடக்கிறது? ஒருவர் மூன்று செட்களை 3-2, 3-2, 3-2 என்று இழுத்துப் பறித்து வெல்கிறார். மற்ற இரண்டை 0-3, 0-3 என்று கோட்டை விடுகிறார். அவர் வென்றது 9 லெக், எதிராளி வென்றது 12. ஆனாலும் ஆட்டம் இவருக்கு. மொத்த வாக்குகளை அதிகம் வாங்கிய கட்சி தொகுதிக் கணக்கில் தோற்குமே, அதே கதைதான். லெக் என்பது வாக்கு, செட் என்பது தொகுதி.

சரி, இப்போது கணக்கு. லெக் ஒவ்வொன்றையும் ஒருபக்கம் சற்றே கனமான நாணயமாக நினைத்துக்கொள்வோம். திறமை கொஞ்சம் கூடியவர் ஒரு லெக்கை வெல்ல 55% வாய்ப்பு, எதிராளிக்கு 45%. இது மிகச் சிறிய வித்தியாசம். இருவரும் ஒரே ஒரு லெக் ஆடினால் பார்ப்பவருக்கு யார் மேல் என்றே தெரியாது.

ஆனால் மூன்று லெக் வென்றால்தான் செட். 55% ஆள் அந்த செட்டை 3-0 என்று முடிக்க வாய்ப்பு 16.6%. 3-1 என்று முடிக்க 22.5%, 3-2 என்று முடிக்க 20.2%. கூட்டினால் 59.3%. இந்த 59.3-ஐ எடுத்து, மூன்று செட் வென்றால் ஆட்டம் என்ற விதியில் போட்டால் 67% வருகிறது. ஏழு செட் ஆட்டத்தில் போட்டால் 75.5%. அதே ஆள், அதே கை. ஆட்டத்தின் வடிவம் மட்டும்தான் 55-ஐ 75 ஆக்கியிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. 55% ஆள் 100 லெக் ஆடினால் சராசரியாக 55 வெல்வார், அதாவது பாதிக்கு மேல் 5. அதிர்ஷ்டத்தால் அந்த எண் சுமார் 5 மேலே கீழே ஆடும். திறமை தந்த லாபமும் அதிர்ஷ்டத்தின் ஆட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு. எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்போது 400 லெக் ஆட விடுங்கள். பாதிக்கு மேல் கிடைக்கும் லாபம் 20 ஆகிவிடும். அதிர்ஷ்டத்தின் ஆட்டமோ 10-தான். லெக்குகள் நான்கு மடங்கானால் திறமையின் பங்கு நான்கு மடங்காகிறது, அதிர்ஷ்டத்தின் பங்கு அதன் வர்க்கமூலமான இரண்டு மடங்கோடு நின்றுவிடுகிறது. திறமை எல்லா லெக்கிலும் ஒரே திசையில் தள்ளுவதே காரணம். அதிர்ஷ்டம் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் என்று தள்ளித் தன்னைத் தானே பெருமளவு தின்றுவிடுகிறது.

இதோடு முடிந்திருந்தால் திறமையை அதிர்ஷ்டத்திலிருந்து பிரிக்கும் சாதாரணச் சல்லடைதான். ஆனால் டார்ட்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு: யார் முதலில் எறிவது?

தேர்ந்த வீரர்கள் ஒரு லெக்கை ஐந்து முறைகளில், அதாவது 15 டார்ட்டில், அடிக்கடி முடித்துவிடுவார்கள். இருவரும் சரியாக 15 டார்ட்டில் முடிக்கக்கூடியவர்களாக இருந்தால் வெல்வது முதலில் எறிந்தவர்தான். இரண்டாமவர் தன் ஐந்தாவது முறைக்காகப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதனால்தான் ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் நடுப்புள்ளியைக் குறிவைத்து ஒரு டார்ட் எறிகிறார்கள். நெருங்கியவர் ஆட்டத்தைத் தொடங்குவார். அப்புறம் லெக்குக்கு லெக் முறை மாறும், செட்டுக்கு செட்டும் மாறும்.

மாறினாலும் ஐந்து லெக் செட்டில் தொடங்கியவர் 1, 3, 5 என்று மூன்று லெக்குகளில் முதலில் எறிவார், மற்றவருக்கு இரண்டுதான். இது அநியாயமில்லையா? திறமையில் துளி வித்தியாசமும் இல்லாத இருவரை எடுத்துக்கொள்வோம். முதலில் எறிபவர் அந்த லெக்கை வெல்ல 60% வாய்ப்பு என்று வைப்போம். இது பெரிய சலுகை, நாம் முன்பு பார்த்த திறமை வித்தியாசத்தைப் போல இரண்டு பங்கு. ஒரு செட் முடிவில் தொடங்கியவரின் வாய்ப்பு எவ்வளவு? 60 வளரும் என்றுதானே நினைப்போம்? வளரவில்லை. 54% ஆகச் சுருங்குகிறது. மூன்று செட் வென்றால் ஆட்டம் என்ற விதியில் 51.5%.

இந்த எண்கள் கைக்கு வந்தபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து போட்டேன். தப்பில்லை. ஒரே எந்திரம், இரண்டு வேலை. திறமையைப் போட்டால் 55, 59, 67 என்று பெரிதாக்கித் தருகிறது. முதல் எறியின் சலுகையைப் போட்டால் 60, 54, 51.5 என்று கரைத்துவிடுகிறது. திறமையின் திசை எப்போதும் ஒன்று. சலுகையின் திசை லெக்குக்கு லெக் புரண்டு புரண்டு விழுகிறது, கூட்டினால் கடைசியில் மிஞ்சுவது அந்த ஒற்றை உபரி லெக்கின் பலன் மட்டும்தான்.

கொஞ்சம் வழி விலகிச் சொல்கிறேன். பெரும்பான்மைக்குள் பெரும்பான்மை என்ற இந்த யோசனை விளையாட்டோடு நிற்பதில்லை. அடிக்கடி தப்பு செய்யும் உறுப்புகளைக் கொண்டு தப்பு செய்யாத கணினியைக் கட்ட முடியுமா என்று 1950-களில் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் யோசித்தபோது, ஒரே வேலையைப் பலவற்றிடம் கொடுத்துப் பெரும்பான்மையைக் கேட்கும் உறுப்புகளைத்தான் அடுக்கினார். அன்று நிதி ஒதுக்கும் குழு ஒன்று "இதனால் நாளைக்கே என்ன பயன்?" என்று கேட்டிருந்தால் அவர் என்ன எழுதிக் கொடுத்திருப்பாரோ. இன்றைய விண்ணப்பப் படிவங்களில் அந்தக் கேள்விக்குத் தனிப் பெட்டியே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

போட்டிக்குத் திரும்புவோம். லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் டிசம்பரில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடியும் இந்தத் தொடரில், 2026-ல் முடிந்த பதிப்பு முதல் 128 பேர் ஆடுகிறார்கள். அதற்கு முன்பு 96 பேர். அப்போது தரவரிசையில் முதல் 32 பேர் நேரடியாக இரண்டாம் சுற்றில் நுழைவார்கள். இப்போது எல்லோருக்கும் முதல் சுற்று உண்டு. மொத்தம் எத்தனை ஆட்டம் என்று சுற்றுச் சுற்றாகக் கூட்ட வேண்டாம். ஒரு ஆட்டம் ஒருவரை வெளியேற்றுகிறது, 127 பேர் வெளியேற வேண்டும், ஆகவே 127 ஆட்டம். கோப்பையைத் தூக்க ஏழு பேரை வீழ்த்த வேண்டும்.

முதல் இரண்டு சுற்றுகளில் மூன்று செட் வென்றால் போதும். அடுத்த இரண்டில் நான்கு, காலிறுதியில் ஐந்து, அரையிறுதியில் ஆறு, இறுதியில் ஏழு. நம் 55% ஆளை இதில் இறக்கிவிடுவோம். எதிரில் வரும் ஏழு பேரிடமும் அவருக்கு அதே 55-தான். ஏழு சுற்றும் ஒற்றை லெக்காக இருந்தால் அவர் பட்டம் வெல்ல வாய்ப்பு 1.5%. இப்போதைய வடிவத்தில் ஏறக்குறைய 9%. எல்லாச் சுற்றிலும் இறுதி ஆட்டத்தைப் போல ஏழு செட் வைத்தால் 14%. அப்படிச் செய்யாததற்குக் காரணம் எளிது: முதல் சுற்றில் மட்டும் 64 ஆட்டம் இருக்கிறது, மேடை ஒன்றுதான். நேரம் பற்றாதபோது ஓட்டை பெரிதான சல்லடை, ஆட்கள் குறையக் குறைய நுண்ணிய சல்லடை.

இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு ஆட்டத்தையும் 90% உறுதியோடு வெல்லும் ஒரு அசுரனுக்குக்கூட ஏழையும் தொடர்ந்து வெல்ல வாய்ப்பு 48%-தான். பட்டத்தை அடுத்த ஆண்டும் தக்கவைப்பது ஏன் இத்தனை அபூர்வம் என்பது இங்கே புரியும். லூக் லிட்லர் 2025-ல் வென்று, 2026-ல் கியான் வான் வீனை 7-1 என்று வீழ்த்தித் தக்கவைத்ததை நான் வாய் பிளந்து பார்த்ததும் இதனால்தான். ஒரு நட்சத்திர வீரர் முதல் சுற்றிலேயே வெளியேறினால் உடனே ராசி, சட்டை நிறம், நேரம் சரியில்லை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 67% என்றால் மூன்றில் ஒருமுறை தோல்வி. அதற்கு எந்தக் கிரகமும் இடம் மாற வேண்டியதில்லை.

நாக்அவுட் மரத்தில் (தோற்றவர் வெளியேற, வென்றவர் மேலேறும் அட்டவணை) இன்னொரு பழைய ஓட்டையும் உண்டு. குலுக்கல் முறையில் ஆட்களை நிரப்பினால், திறமைசாலியே எப்போதும் வெல்வார் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டாவது சிறந்தவர் இறுதிக்கு வர வாய்ப்பு 127-ல் 64. பாதிக்குச் சற்றே மேல். மற்ற நேரங்களில் அவர் முதலாமவர் இருக்கும் அதே பாதியில் மாட்டி முன்பே விழுந்துவிடுவார். 1883-லேயே ஆக்ஸ்ஃபோர்டு கணித அறிஞர் சார்லஸ் டாட்சன் ('ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' எழுதிய லூயிஸ் கரோல் என்றால் தெரியும்) டென்னிஸ் போட்டிகளைப் பார்த்து இதே புகாரை எழுதினார். இதற்கு இன்றைய மருந்து, வீரர்களின் தரவரிசை: முதலாமவரையும் இரண்டாமவரையும் மரத்தின் எதிரெதிர் பாதிகளில் வைத்துவிடுகிறார்கள். டார்ட்ஸில் அந்தத் தரவரிசை கடந்த இரண்டு ஆண்டுகளில் வென்ற பரிசுத் தொகையின் பட்டியல்தான். 2026 சாம்பியனுக்கு 10 லட்சம் பவுண்டு கிடைத்திருக்கிறது. ஒரே வெற்றி இரண்டு ஆண்டுக்குப் பட்டியலைச் சாய்த்துவிடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. பணம் திறமைக்கு மோசமான அளவுகோல்.

சரி, வாசகரின் கேள்விக்கு வருவோம். செட் தேவையா? ஏழு செட் இறுதி ஆட்டம் கடைசி செட் வரை இழுத்தால் வழக்கமாக அதிகபட்சம் 65 லெக் (கடைசி செட்டில் இரண்டு லெக் வித்தியாசம் வேண்டும் என்ற விதியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்). அதே 65 லெக்கை செட் இல்லாமல் நேராக எண்ணினால் நம் ஆளின் வாய்ப்பு 75.5-லிருந்து சுமார் 79% ஆகும். ஆக, செட் வைப்பதால் மூன்றரை சதவீதப் புள்ளி நியாயம் கசிகிறது. 3-0 என்று வென்ற செட்டும் 3-2 என்று வென்ற செட்டும் ஒரே மதிப்பு என்றதும் கொஞ்சம் தகவல் தொலைந்துபோகிறது. வாசகர் சொன்னது சரிதான். பிளாக்பூலில் நடக்கும் வேர்ல்டு மேட்ச்ப்ளே என்ற டார்ட்ஸ் தொடரில் செட்டே கிடையாது, லெக் மட்டும்தான்.

ஆனாலும் நான் செட் பக்கம்தான். நேராக எண்ணினால் 12-3 என்று பின்தங்கியவரின் ஆட்டம் அங்கேயே முடிந்த மாதிரி. செட்டில் ஒவ்வொரு முறையும் 0-0-விலிருந்து புதிதாகத் தொடங்கலாம். அதற்கு மூன்றரைப் புள்ளி விலை என்றால் கொடுத்துவிட்டுப் போகலாம்.

உலக சாம்பியன்ஷிப்பின் 2007 இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். ஃபில் டெய்லர் 3-0 என்று முன்னே போய்விட்டார். ரேமண்ட் வான் பார்னவெல்ட் விடாமல் துரத்தி 6-6 ஆக்கினார். கடைசி செட்டில் இரண்டு லெக் வித்தியாசம் வேண்டும் என்று விதி. அதுவும் கிடைக்காமல் 5-5 வரை போய்விட்டது. அதன்பின் ஒரே ஒரு லெக், வென்றவருக்குக் கோப்பை. அத்தனை அடுக்குச் சல்லடைகளையும் தாண்டி வந்து, முதலில் எறிபவருக்குச் சலுகை முழுதாக மிஞ்சும் ஒற்றை நாணயத்தில் வந்து நின்றார்கள் இருவரும். 11-வது லெக்கை வென்றார் பார்னவெல்ட்.