பூட்டிய வீட்டில் காத்திருக்கும் தெள்ளு

நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய், இரண்டு மூன்று வாரம் கழித்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டுக் கதவைத் திறக்கிறீர்கள். பூனை இன்னும் உறவினர் வீட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் கூடத்தில் நாலடி வைப்பதற்குள் கணுக்காலில் சுருக்கென்று ஒரு கடி, பிறகு இன்னொன்று. குனிந்து பார்த்தால் தரையில் கரும்பழுப்புத் துகள்கள் துள்ளுகின்றன. ஆளும் விலங்கும் இல்லாத வீட்டில் இவை இத்தனை நாள் எதைத் தின்று உயிர் வாழ்ந்தன?

ஒன்றையும் தின்னவில்லை. கூட்டுக்குள் இருந்தபடி உங்கள் காலடிக்காகக் காத்திருந்தன. பூனைக்கு எத்தனை முறை மருந்து போட்டாலும் தெள்ளு ஒழியவில்லை என்று பலர் சலித்துக்கொள்வதற்கும் இந்தக் காத்திருப்புத்தான் காரணம்.

பெண் தெள்ளு முதன்முதலில் இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கும். நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். முட்டை வழவழப்பானது, உரோமத்தில் ஒட்டாது. பூனை படுக்கும் இடம், சொறியும் இடம், கதிரையிலிருந்து குதிக்கும் இடம் எங்கும் உதிரும். கூடவே தாயின் எச்சமும் உதிர்கிறது. அது அரைகுறையாகச் செரித்து உலர்ந்த இரத்தம். பொரித்துவரும் புழுக்களுக்கு அதுவே உணவு. தாய் தன் தேவைக்கு மிஞ்சி இரத்தம் குடிப்பதால் பிள்ளைகளுக்கான சாப்பாடு மேலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது.

பூனையின் மேல் தெள்ளு கண்ணில் படாமல் போகலாம். பூனை நாள் முழுக்க நக்கி நக்கி விழுங்கிவிடும். ஆனால் எச்சம் காட்டிக்கொடுத்துவிடும். வாலடியில் பேன் சீப்பால் வாரி, வருகிற கரும்பொடியை நனைத்த வெள்ளைக் கடதாசியில் தட்டுங்கள். வெறும் மண்ணென்றால் அப்படியே கிடக்கும். தெள்ளின் எச்சமென்றால் சற்று நேரத்தில் ஒவ்வொரு பொடியைச் சுற்றியும் செம்பழுப்பு நிறம் கசியத் தொடங்கும். அது உங்கள் பூனையின் இரத்தம்.

புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. பாயின் அடி, சோபாவின் மடிப்பு, தும்பு மிதியடி, தரை வெடிப்பு என்று இருட்டைத் தேடிப் போகும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் காய்ந்து செத்துவிடும். கொழும்பிலோ ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 75 சதவீதத்துக்கு மேல், வெப்பம் 27, 28 பாகை. குளிர்நாட்டு நூல்கள் தெள்ளுக்கு ஒரு பருவகாலம் சொல்லும். நமக்கு மாதக் கணக்கே கிடையாது. முட்டையிலிருந்து முதிர்ந்த பூச்சி வரைக்கும் இங்கே மூன்று வாரம்கூடத் தேவைப்படாது.

வளர்ந்த புழு தன்னைச் சுற்றிப் பட்டு நூலால் கூடு கட்டுகிறது. அந்த நூல் பிசுபிசுப்பானது. தூசும் மணலும் மயிரும் அதில் ஒட்டிக்கொள்ள, கூடு குப்பையோடு குப்பையாகிவிடும். பூச்சிக்கொல்லி அதற்குள் எளிதில் புகாது. உள்ளே தெள்ளு முழு வளர்ச்சி பெற்ற பிறகும் உடனே வெளியே வராமல் பல மாதம் இருக்கக்கூடும். காலடியின் அழுத்தம், உடற்சூடு, மூச்சில் வரும் கரியமில வாயு இவற்றில் ஏதேனும் பட்டால் நொடிகளில் கூட்டைக் கிழித்துக்கொண்டு பாயும். உடலில் ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதத்தை அமுக்கி வைத்து ஒரே வீச்சில் விடுவிப்பதால், இரண்டு மூன்று மில்லிமீட்டர்ப் பூச்சி சராசரியாக 20 சென்டிமீட்டர் தூரம் தாண்டுகிறது. பின்னங்காலின் எந்தப் பகுதி தரையை உந்துகிறது என்பது பற்றிய நீண்டகால விவாதத்தைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சட்டனும் பரோசும் அதிவேகக் கமராவின் உதவியோடு 2011இல்தான் தீர்த்துவைத்தார்கள்.

ஒரு வீட்டிலுள்ள தெள்ளுகளில் 100க்கு 5 மட்டுமே பூனையின் மேல் இருக்கும் என்பது மிருக வைத்தியர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டில் கிடக்கின்றன. அதனால்தான் ஒரு முறை மருந்து போட்டு நிறுத்துவது வீண். பழைய கூடுகள் எல்லாம் திறந்து முடியும்வரை, குறைந்தது மூன்று மாதம், இடைவெளி விடாமல் மருந்து தொடர வேண்டும். வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் சேர்த்தே போட வேண்டும். பிடரியில் துளித்துளியாக விடும் மருந்துகளில் ஃபிப்ரோனில் தோலின் எண்ணெய்ப் பசையோடு உடலெங்கும் பரவி, தெள்ளின் நரம்பைத் தாக்குகிறது. மயிரை விலக்கி, பூனையின் நாக்கு எட்டாத இடத்தில், தோலின் மேலேயே விடுங்கள். மருந்திட்ட பூனையை அறைக்குள் அடைக்காமல் வீடெங்கும் நடமாட விடுங்கள். புதிதாக வெளிவரும் தெள்ளுகள் அதன் மேல் ஏறிச் சாகும்.

இனி எழுதப்போவதை ஒவ்வொரு பூனை வீட்டிலும் யாராவது உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நம் ஈரலும் நாயின் ஈரலும் இத்தகைய பொருள்களை ஒரு சர்க்கரை அமிலத்தோடு இணைத்து வெளியேற்றும். தலைமுறை தலைமுறையாக இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த பூனை இனத்தில் அந்த வேலைக்கான நொதிகள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்றின் மரபணு பழுதாகியே கிடக்கிறது. வெளியேறாத பெர்மெத்ரின் நரம்பை ஓயாமல் தூண்ட, பூனை நடுங்கும், வலிப்பு வரும், சாகவும் கூடும். தவறிப் போட்டுவிட்டால் நடுக்கத்துக்காகக் காத்திருக்காமல் உடனே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். பினாயில், டெட்டோல், கற்பூரம், வேப்பெண்ணெய் எதையும் பூனையின் உடம்பில் தடவ வேண்டாம். கைமருந்துதானே என்று நாம் நினைப்பதைப் பூனை நக்கி விழுங்கிவிடும்.

வீட்டு வேலை அவ்வளவு கடினமானதில்லை. ஓட்டுத்தரையும் சீமெந்துத் தரையும் நமக்கு வாய்த்த நல்ல வசதி. நாள்தோறும் மூலை முடுக்கெல்லாம் கூட்டி, குப்பையை உடனே வெளியே போடுங்கள். பூனையின் படுக்கைத் துணிகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் கழுவி, பால்கனியில் நல்ல வெயிலில் காயவிடுங்கள். 35 பாகைக்கு மேல் புழு தாங்காது. சோபா மடிப்பை வாக்குவம் பண்ணினால் அதன் அதிர்வுக்கே சில கூடுகள் திறந்துகொள்ளும், அது நல்லதுதான். தொடர்மாடிப் படிக்கட்டில் தெருப்பூனைகள் படுப்பதுண்டு என்றால், வாசலிலுள்ள மிதியடியையும் கணக்கில் சேருங்கள்.

சின்னக் குட்டிகளுக்குத் தெள்ளு மிகுந்தால் இரத்தச் சோகையே வந்துவிடும். பல்முரசு வெளிறியிருந்தால் தாமதிக்க வேண்டாம். எட்டு வாரம் நிரம்பாத குட்டிக்கு வைத்தியரைக் கேட்காமல் மருந்து போடாமல், பேன் சீப்பால் வாரி, சீப்பைச் சவர்க்காரத் தண்ணீரில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் மிதந்து தப்பிக்கும் தெள்ளு சவர்க்காரத் தண்ணீரில் மூழ்கிவிடும். வளர்ந்த பூனையின் ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போல ஏதேனும் ஒட்டியிருந்தால் அவை நாடாப்புழுத் துண்டுகள். தெள்ளை விழுங்கும்போது அந்தப் புழுவின் இளம்பருவம் உள்ளே போய்விடுகிறது. பூச்சி மாத்திரையையும் தெள்ளு மருந்தோடு சேர்த்தே வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள்.