பத்து இலக்கத்தை நம்பிப் போகும் பெட்டி

விமானத்தில் என்னோடு வந்து சேராத என் பெட்டி, மூன்று நாள் கழித்து கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணத்தில் வீட்டு வாசலுக்கு வந்தது. கொண்டுவந்த டிரைவர் தம்பி கையெழுத்து வாங்கும் முன் அதைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் இருந்த பழைய ஸ்டிக்கர் ஒன்றைக் காட்டினார். விரல் நீளம்தான் இருக்கும். முந்தின பயணத்தில் ஒட்டியது. "இதைக் கிழிக்காம விட்டுட்டீங்கண்ணா. மிஷின் எதைப் படிக்கும்?" என்றார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் பெட்டி எப்படிப் பயணம் செய்கிறது என்பதே எனக்கு விளங்கியது.

கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் பயணிகள் விமானச் சேவை கிடையாது. நமக்குப் பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி, இல்லாவிட்டால் ஓமலூர் பக்கம் இருக்கும் சேலம் விமான நிலையம். பெட்டி வரவில்லை என்றால் "நாளைக்குப் போய்க் கேட்டுக்கலாம்" என்று கிளம்பி வந்துவிட முடியாது. தேவனஹள்ளிக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் முழுதாகப் போய்விடும்.

கவுன்ட்டரில் கைப்பிடியில் சுற்றிவிடும் டேக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். அதில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம் டேக்கின் வகை; வழக்கமான பெட்டிக்கு 0. அடுத்த மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் எண். ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176. கடைசி ஆறும் உங்கள் பெட்டிக்கான வரிசை எண்.

இதே எண்தான் பக்கத்தில் பார்கோடாகவும் இருக்கிறது. இலக்கங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கின்றன. ஜோடியில் முதல் இலக்கம் ஐந்து கறுப்புக் கோடுகளில் இருக்கிறது. இரண்டாவது இலக்கம் அந்தக் கோடுகளுக்கு நடுவே உள்ள ஐந்து வெள்ளை இடைவெளிகளில் இருக்கிறது! ஒவ்வோர் ஐந்திலும் இரண்டு மட்டும் தடிமன், மற்ற மூன்றும் மெலிசு. ஐந்தில் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சரியாகப் பத்து வழிகள் உண்டு. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரைக்கும் அதுவே போதும். வெற்றிடத்தைக்கூட வீணாக்காமல் எண்ணாக மாற்றியிருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு.

ஆனால் பெட்டி எந்த ஊருக்குப் போகிறது என்பது அந்தக் கோடுகளில் இல்லை. ரேஷன் கார்டு எண்ணில் எத்தனை கிலோ அரிசி என்று எழுதியிருப்பதில்லை. கடையிலுள்ள மிஷினில் போட்டால்தான் தெரியும். அதே மாதிரிதான் இதுவும். டேக் அச்சாகும்போதே "இந்த எண், இந்த விமானம், இந்த ஊர்" என்று ஒரு செய்தி பெட்டிகளைப் பிரிக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்விடுகிறது. பெல்ட்டில் வரும் பெட்டியைச் சுற்றி நாலா பக்கமும் இருக்கும் ஸ்கேனர்கள் எண்ணைப் படிக்கின்றன, கம்ப்யூட்டர் வழி சொல்கிறது, பெட்டி அந்தப் பக்கம் திரும்புகிறது. டேக்கில் பெரிதாக அச்சடித்திருக்கும் பி.எல்.ஆர். (பெங்களூரு), டி.எக்ஸ்.பி. (துபாய்) போன்ற மூன்றெழுத்து, மனிதர்கள் பார்த்துப் படிப்பதற்கு.

எண்ணைப் படிக்க முடியாவிட்டால் பெட்டி ஓரமாக ஒதுங்கிவிடும். இரண்டு எண் தெரிந்தாலும் அதே கதிதான். என் பழைய ஸ்டிக்கரிலும் ஒரு பார்கோடு இருந்தது. ஒதுங்கிய பெட்டியை ஆள் வந்து கையால் ஸ்கேன் செய்ய வேண்டும். நேரடி விமானம் என்றால் அதற்கு நேரம் கிடைத்துவிடும். வழியில் விமானம் மாறும்போது நடுவே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால், ஆள் ஏறிவிடுவார், பெட்டி தங்கிவிடும். விமான நிறுவனங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சேவை தரும் சீட்டா (SITA) நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளிலும் பெட்டி தாமதமாவதற்கு இந்த மாறும் இடம்தான் முதல் காரணம். தாமதம், சேதம், தொலைவது எல்லாம் சேர்த்து 2007-இல் ஆயிரம் பயணிகளுக்கு 18.88 பெட்டிகள் சிக்கலில் மாட்டின. 2024-இல் அது 6.3.

எக்ஸ்ரேயிலும் பெட்டி நிற்கலாம். பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். கொப்பரை விஷயம் பலருக்குத் தெரியாது. எண்ணெய்ப் பசையுள்ள காய்ந்த தேங்காய் காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடேறக் கூடியது. அதனால் விமானச் சரக்கு விதிகளில் அது ஆபத்தான பொருள். பாசத்தோடு ஊரிலிருந்து கட்டிக் கொடுக்கும் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு விதி துயரத்தில் பிறந்தது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் மேல் வெடித்து 329 பேர் இறந்தார்கள். குண்டு இருந்த பெட்டியை வான்கூவரில் ஒப்படைத்தவர் விமானத்தில் ஏறவே இல்லை. ஆள் ஏறாவிட்டால் அவர் பெட்டியை இறக்கிவிட வேண்டும் என்ற கண்டிப்பு அதற்கப்புறம்தான் வந்தது. தவறிப்போன பெட்டியைத் தனியாக அனுப்பும்போது வேறு டேக் போடுவார்கள். என் பெட்டியில் தொங்கிய டேக்கின் எண் 2-இல் தொடங்கியது. அவசரமாக அனுப்பப்படும் பெட்டி என்று அதற்குப் பொருள்.

சரி, நாம் என்ன செய்யலாம்? பழைய டேக், குட்டி ஸ்டிக்கர் எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். கயிற்றால் கட்டினால் நுனி தொங்காமல் முடிச்சுப் போடுங்கள். டேக்கில் உள்ள மூன்றெழுத்து உங்கள் ஊர்தானா என்று கவுன்ட்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். டேக் பிய்ந்துபோனால் பெட்டியைத் திறந்துதான் அடையாளம் தேடுவார்கள். அதனால் பெயர், போன் நம்பர் எழுதிய காகிதம் உள்ளே, துணிகளுக்கு மேலே இருக்கட்டும். நகை, மாத்திரை, சான்றிதழ் கைப்பையில்தான். மூடும் முன் உள்ளே இருப்பதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத் டேக் ஒன்று போட்டால், பக்கத்தில் போகிறவர்களின் போன்கள் வழியாகப் பெட்டி இருக்கும் இடம் தெரியும்.

பெல்ட் நின்ற பிறகும் பெட்டி வராவிட்டால் வெளியே வந்துவிடாதீர்கள். அங்கேயே விமான நிறுவனத்தின் பேகேஜ் கவுன்ட்டரில் பி.ஐ.ஆர். என்ற புகாரைப் பதிவு செய்து எண்ணை வாங்குங்கள். அது வேர்ல்ட் டிரேசர் என்ற உலகளாவிய பதிவில் ஏறும். காணோம் என்ற பெட்டிகளையும் ஆள் தெரியாமல் கிடைத்த பெட்டிகளையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். "கறுப்புப் பெட்டி" என்று மட்டும் சொன்னால் பயனில்லை. "உள்ளே ராகி மாவு, எவர்சில்வர் சம்படம், பச்சைக் கரை வேட்டி" என்று சொல்லுங்கள். அந்த மூன்றும் ஒரே பெட்டியில் இருப்பது உலகத்தில் எத்தனை இருக்கும்?

சர்வதேசப் பயணத்துக்கு 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். 21 நாள் கடந்தும் வராத பெட்டி தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கேட்கலாம். உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு); நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதுவும் நிரூபிக்க முடிகிற இழப்புக்குத்தான், ஆகவே பில்களை வைத்திருங்கள். தாமதமாக வந்த பெட்டிக்கு, கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். உடைந்து வந்தால் 7 நாள்தான். என் பெட்டியின் சக்கரம் ஒன்று உடைந்திருந்தது. டிரைவர் தம்பியை வைத்துக்கொண்டே போட்டோ எடுத்து, அன்று ராத்திரியே மெயில் அனுப்பிவிட்டேன்.