பேனாவும் பென்னாவும்: இத்தாலியச் செயலி தேடும் தமிழ்க் காதுக்கு

பெரம்பூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வட இத்தாலியில், தூரின் நகரத்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் கடையிலும் பேருந்திலும் வீட்டு உரிமையாளரிடமும் இத்தாலியம் பேசியாக வேண்டும். கிளம்ப நான்கு மாதம் இருக்கிறது. "எந்தச் செயலியை இறக்கிக்கொள்ளலாம், சார்?" என்பது அவர் கேள்வி.

ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் எந்தச் செயலியையும் தானே சோதித்துப் பார்க்க ஒரு வழி தெரிந்தால் அவருக்கு இன்னும் உதவும். சோதனைக்கு இரண்டு சொற்கள் போதும்: பேனா, பென்னா.

அதற்கு முன் நினைவாற்றல் கணக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். படித்தது எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். மறக்கப்போகும் தறுவாயில் ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டால் அடுத்த மறதி தள்ளிப்போகும். அந்த இடைவெளிகளை மொழிப் பாடத்துக்கு ஏற்ப 1967-இல் வகுத்தவர் பால் பிம்ஸ்லர். இன்றைக்கு ஆன்கி போன்ற செயலிகள் இதே வகைக் கணக்கைத்தான் போடுகின்றன. ஆகவே முதல் கேள்வி: சொல்லை உங்கள் நினைவிலிருந்து எடுக்கச் சொல்கிறதா, நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்கிறதா? எடுக்கச் சொல்வதே நல்லது. சரி, இனி ஒலிக்கு வருவோம்.

இத்தாலியத்தில் பென்னா என்றால் எழுதுகோல். பேனா என்றால் துயரம், தண்டனை. லத்தீனில் இவை தொடர்பில்லாத இரண்டு சொற்கள். இறகுக்குப் பென்னா, தண்டனைக்குப் பொய்னா. போர்த்துகீசியத்தில் அந்த இரட்டை 'ன' ஒற்றையாகத் தேய்ந்ததால், இறகும் தண்டனையும் பேனா என்ற ஒரே ஒலிக்குள் வந்து சேர்ந்தன. அந்தப் போர்த்துகீசிய இறகுதான் கப்பலேறி வந்து நம் சட்டைப் பையில் பேனாவாக நிற்கிறது. இத்தாலியம் இரட்டையை விடவில்லை. அங்கே பாலா மண்வெட்டி, பல்லா பந்து. நோனோ ஒன்பதாவது, நொன்னோ தாத்தா.

இதைப் பார்க்கும் ஆங்கிலேயர் திகைத்துப்போவார். ஒரு சொல்லுக்குள் மெய்யெழுத்தின் நீளத்தை மாற்றிப் பொருளை மாற்றும் பழக்கம் அவர் மொழியில் இல்லை. நமக்கோ பலியும் பல்லியும், கனியும் கன்னியும் பிறந்ததிலிருந்து வேறு வேறு. மெய்க்கு அரை மாத்திரை என்று காலத்தை அளந்து இலக்கணம் படித்தவர்கள் நாம். இரட்டை மெய்யின் நீளம் ஒற்றையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதைப் பிடிக்கத் தமிழ்க் காதுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.

நீளம் என்றால் எதன் நீளம்? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 'ன்ன', 'ல்ல' என்னும்போது குரல் நீள்கிறது. 'த்த' என்னும்போது நாக்கு பல்லுக்குப் பின்னால் வழியை அடைத்து நிற்கிறது, காற்று வெளியே வருவதில்லை, ஒலியும் இல்லை. போனில் குரல் பதிவைத் திறந்து 'ஃபத்தோ' என்று சொல்லுங்கள். இத்தாலியத்தில் அதற்குச் செயல், செய்தது என்று பொருள். திரையில் இரண்டு புடைப்புகள் எழும். நடுவில் கொஞ்ச தூரம் அசையாத கோடு ஒன்று ஓடும். அந்தக் கோடுதான் 'த்த'. ஒலியே இல்லாத அந்தத் துண்டை மூளை அளந்து, நீளமாக இருந்தால் ஒரு சொல், குறுகியிருந்தால் வேறு சொல் என்று பிரிக்கிறது. பேச்சில் மௌனத்துக்கும் எழுத்து உண்டு என்பதை முதன்முதலில் அந்தக் கோட்டில் பார்த்தபோது, அரை மணி நேரம் வேறு வேலை ஓடவில்லை.

கோடு குறுகினால் அந்தச் சொல் 'ஃபாதோ'. பொருள், விதி. செயலுக்கும் விதிக்கும் இடையே சில நூறில் ஒரு பங்கு நொடி மௌனம்தான் முக்கிய வேறுபாடு.

ஆனால் தமிழ்க் காது ஏமாறும் இடமும் இதுவே. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு முதலில் நம்ம ஊர் 'பாடி' என்று சொல்லுங்கள், அப்புறம் 'பாட்டி' என்று சொல்லுங்கள். பாடியில் 'ஆ' தொடங்கியதிலிருந்து 'இ' முடியும்வரை அதிர்வு தொடரும். பாட்டியில் நடுவே நின்றுவிடும். அதாவது வல்லினத்தில் நாம் நீளத்தை மட்டும் மாற்றுவதில்லை, குரல் நாண்களின் அதிர்வையும் சேர்த்தே மாற்றுகிறோம். உயிர்களுக்கு நடுவே ஒற்றை வல்லினம் வந்தால் அதைத் தானாகவே மென்மையாக்கிவிடுவோம். இத்தாலியத்தின் 'ஃபாதோ' இரண்டிலும் சேராது. பாடியைப் போலக் குறுகியது, பாட்டியைப் போல அதிர்வு நின்றது. தமிழில் அதை எழுதவே முடியாது. 'தோ' என்று நான் எழுதியதை நீங்கள் மென்மையாகத்தான் படித்திருப்பீர்கள். தொப்பிக்கு இத்தாலியர் சொல்வதைக் 'கப்பெல்லோ' என்று எழுதிவிடலாம். தலைமுடிக்கான சொல்லில் ஒற்றை 'ப' வருகிறது. 'கபெல்லோ' என்று எழுதினால் நம் வாய் அதை அதிரவைத்துவிடும்.

சென்னைத் தெருவில் ஓடும் ஒவ்வொரு ஆட்டோவும் இதற்குச் சாட்சி. ஆங்கிலத்தில் ஒற்றை மெய்தான். அதிர்வில்லாமல் வைத்திருக்க நாம் அதை இரட்டித்து 'ட்டோ' ஆக்கிக்கொண்டோம். பாக்கெட், போட்டோ எல்லாம் அப்படித்தான். பழகவேண்டியது இதைத்தான்: அதிர்வை நிறுத்து, ஆனால் நீட்டாதே.

இன்னொன்று. 'ஆங்கில ட போல உச்சரியுங்கள்' என்று செயலி சொன்னால் கேட்காதீர்கள். இத்தாலிய ஒலி பல்லைத் தொடும் நம் 'த'. எல்லாம் என்பதற்குத் 'துத்தோ', 'டுட்டோ' அல்ல. இந்தியில் உள்ள ட-த வேறுபாட்டை ஆங்கில வீட்டுக் குழந்தைகளிடம் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் சோதித்து 1984-இல் வெளியிட்டார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலானவற்றுக்கு அது கேட்காமல் போயிருந்தது. நமக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆங்கில வழிப் பாடம் அந்தச் சொத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இனி செயலிகள். ஒலிகளைப் பிரித்தறியப் பல குரல்களில் கேட்கவேண்டும். ஜப்பானியர்களுக்கு ர-ல வேறுபாட்டைப் பல பேர் குரலில் கொடுத்துப் பயிற்றுவித்த 1991-ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு நல்ல சான்று. டூலிங்கோவில் பெரும்பாலும் கேட்பது கணினிக் குரல். மெம்ரைஸில் ஊர்க்காரர்கள் பேசும் காணொளித் துண்டுகள் உண்டு. பூசூவில் உங்கள் பதிவை அந்த மொழிக்காரர்களே கேட்டுத் திருத்துவார்கள். ஃபோர்வோவில் ஒரே சொல்லைப் பலர் சொல்லக் கேட்கலாம்.

செயலி தரும் பச்சை டிக்கை மட்டும் நம்பவேண்டாம். நான் பயன்படுத்திய ஒன்றில், 'பென்னாவால் எழுதுகிறேன்' என்ற பொருளில் வரும் வாக்கியத்தில் வேண்டுமென்றே 'பேனா' என்றேன். சரி என்றது. எழுதுகிறேன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் துயரம் வர வாய்ப்பு குறைவு, எழுதுகோல் வர வாய்ப்பு அதிகம் என்பதே அதன் கணக்கு. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒலியோடு இந்த வாய்ப்பையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறது. சொல்வதைப் புரிந்துகொள்ள அது நல்ல முறை, உச்சரிப்பைத் திருத்தப் போதாத முறை. அதனால் சொல்லைத் தனியாகச் சொல்லிச் சோதியுங்கள்.

தமிழ் வழியாக இத்தாலியம் கற்பிக்க நல்ல பாடம் ஒன்று வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஐஐடி மெட்ராஸில் இந்திய மொழிகளுக்கான பேச்சுத் தொழில்நுட்பம் வளர்ந்து நிற்கிறது. மொழி ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தில், தமிழர் பிறமொழி பேசும்போது எங்கே தடுக்குகிறார்கள் என்பதைப் பதிந்து ஆராயவும் ஒரு பங்கு இருக்கவேண்டும். 'எங்கள் மொழி தொன்மையானது' என்று மேடையில் முழங்குகிற நாம் அதன் ஒலிகளை ஆய்வுக்கூடத்தில் அளக்கச் செலவிடத் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெரம்பூர் வாசகிக்கு என் யோசனை: சொற்களுக்கு ஆன்கி, காதுக்கு மெம்ரைஸ் அல்லது பூசூ. பேனா-பென்னா, ஃபாதோ-ஃபத்தோ, முடி-தொப்பி என்ற மூன்று இணைகளையும் ஃபோர்வோவில் கேட்டு, ஆன்கி அட்டையில் ஒலியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வதைப் பதிந்து அந்த அசையாத கோட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். வட இத்தாலியர் பேச்சில் இரட்டை மெய் கொஞ்சம் மெலிந்திருக்கும், தூரினில் இறங்கியதும் குழம்பவேண்டாம். விடுமுறையில் ரோமுக்கோ நேப்பிள்ஸுக்கோ ரயிலேறினால், பல்லியின் 'ல்ல' போலவே முழுதாகக் கேட்கும்.