"ஆர்ம் டோர்ஸ், கிராஸ் செக்": கேபின் க்ரூ பேசும் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் அறிவியல்

விமானக் கதவைச் சாத்தியதும் ஒலிபெருக்கியில் ஒரு கட்டளை வரும்: "கேபின் க்ரூ, ஆர்ம் டோர்ஸ் அண்ட் கிராஸ் செக்." நிறுவனத்துக்கு நிறுவனம் சொற்கள் கொஞ்சம் மாறும். அந்த நேரத்தில் பயணிகள் பையைத் திணிக்க இடம் தேடிக்கொண்டிருப்பார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு "ஏறி உட்கார்ந்தாச்சு" என்று மெசேஜ் தட்டிக்கொண்டிருப்பார்கள். காதில் வாங்குபவர்கள் குறைவு. ஆனால் அந்தப் பயணத்தில் நம் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட அறிவிப்பு அதுதான்.

கதவின் உட்புறத்தில் கீழ்ப்பகுதி புடைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவசர காலத்தில் சறுக்கி இறங்குவதற்கான ஸ்லைடு அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்லைடின் ஒரு விளிம்பில் 'கர்ட் பார்' என்ற தண்டு இருக்கும். தண்டு கதவோடு இருந்தால், கதவைத் திறக்கும்போது ஸ்லைடும் கதவோடு போய்விடும், ஒன்றும் நடக்காது. அதையே தரையில் உள்ள கொக்கிகளில் மாட்டிவிட்டால், கதவு வெளியே நகரும்போது ஸ்லைடின் விளிம்பு தரையோடு நின்றுவிடும். மூட்டை பிரிந்து வெளியே விழும். விழுகிற வேகத்திலேயே வாயு சிலிண்டரின் வால்வு திறந்துகொள்ளும். தண்டைத் தரையோடு பிணைப்பதுதான் 'ஆர்ம்'. அதை விடுவிப்பது 'டிஸ்ஆர்ம்'.

போயிங் 737-இல் பணியாளர் குனிந்து தண்டைக் கையாலேயே கொக்கியில் மாட்டுவார். மாட்டியதும் கதவின் சிறிய ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டையை இழுத்து வைப்பார். முன்வரிசையில் இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஏர்பஸ் 320-இல் இதே வேலையை ஒரு நெம்புகோல் செய்துவிடும்.

ஸ்லைடு விரியும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவ்வளவு பெரிய ஸ்லைடை நிரப்பும் அளவுக்குக் காற்றைச் சுமந்துபோக வேண்டுமென்றால் சிலிண்டர் மிகப் பெரிதாக வேண்டும், எடையும் கூடிவிடும். அதனால் சிறிய சிலிண்டரில் அதிக அழுத்தத்தில் வாயுவை அடைத்து வைக்கிறார்கள். அது 'ஆஸ்பிரேட்டர்' என்ற குழாய் வழியாகப் பீறிட்டு ஓடும். வேகமாக ஓடும் வாயுவைச் சுற்றி அழுத்தம் குறையும், வெளிக்காற்று தானாக உள்ளே இழுபடும். ஸ்லைடை நிரப்புவதில் பெரும்பங்கு இப்படி வந்து சேரும் வெளிக்காற்றுதான். ஸ்லைடு விழத் தொடங்கிய 6 நொடிக்குள் நிமிர்ந்துவிட வேண்டும் என்பது பெரும்பாலான பயணிகள் கதவுகளுக்கு அமெரிக்க விதி. மணிக்கு சுமார் 46 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலும் அது வேலை செய்தாக வேண்டும்.

சரி, 'கிராஸ் செக்' எதற்கு? ஆர்ம் செய்ய மறந்தால், தீப்பிடித்த விமானத்தில் கதவைத் திறந்ததும் இறங்க வழி இருக்காது. டிஸ்ஆர்ம் செய்ய மறந்தால், ஊர் வந்து சேர்ந்தபின் கதவைத் திறக்கும்போது ஸ்லைடு வெடித்து விரிந்து வெளியே நிற்கும் ஊழியரைத் தள்ளிவிடலாம். இரண்டு பிழையும் பழகிப்போன கையால் வருபவை. செய்தவரே மறுபடி பார்த்தால் கண் ஏமாற்றிவிடும் என்பதால், இடப்பக்கக் கதவுக்காரர் வலப்பக்கக் கதவையும் வலப்பக்கத்தவர் இடப்பக்கக் கதவையும் பார்த்து உறுதி சொல்வார்கள். ஏர்பஸ் 320-இல் கூடுதலாக ஒரு காவல் உண்டு. ஆர்ம் செய்த நிலையில் கைப்பிடியைத் தொட்டுத் தூக்கினால் ஒரு வெள்ளை விளக்கு எரிந்து எச்சரிக்கும்.

பறக்கும்போது யாராவது கதவைத் திறந்துவிட்டால்? அதிக உயரத்தில் அது மனித பலத்தால் முடியாது. உள்ளே காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. இந்த வித்தியாசம் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஐந்து டன்னுக்கும் மேல் வரும். பெரும்பாலான கதவுகள் முதலில் சற்று உள்ளேயோ மேலேயோ நகர்ந்த பிறகுதான் வெளியே போகும் என்பதால், உள்ளே இருக்கும் காற்றே கதவைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. தரைக்கு அருகில் வரும்போது இந்த வித்தியாசம் கரைந்துவிடும். 2023 மே மாதம் தென்கொரியாவின் தேகு நகரில் தரையிறங்கிக்கொண்டிருந்த ஆசியானா விமானத்தில் ஒரு பயணி கதவைத் திறக்க முடிந்தது அதனால்தான். அப்போது விமானம் தரைக்கு மேலே சுமார் 200 மீட்டரில் இருந்தது. அது பத்திரமாக இறங்கிவிட்டது.

அப்புறம் 'சைலன்ட் ரிவ்யூ'. ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கும்போது ஜம்ப் சீட்டில் (பணியாளருக்கான மடக்கு இருக்கை) கைகளைத் தொடைக்கடியில் வைத்து அசையாமல் அமர்ந்திருக்கும் பணிப்பெண்ணைப் பார்த்தால் ஏதோ யோசனையில் இருப்பது போலத் தெரியும். யோசனைதான். இப்போது விபத்து நடந்தால் என் கதவு எது, எப்படித் திறப்பது, வெளியே தீ இருந்தால் யாரை எந்தப் பக்கம் திருப்புவது, உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த உதவியாளருக்கு 'ஏ.பி.பி.' என்று பெயர். திடகாத்திரமான பயணி என்று அர்த்தம். அது நீங்களாகவும் இருக்கலாம். 'பிளஸ் த்ரீ, மைனஸ் எய்ட்' என்று அவர்கள் சொல்வது மேலெழும்பிய பின் முதல் 3 நிமிடத்தையும் தரை தொடுவதற்கு முந்தைய 8 நிமிடத்தையும். ஆபத்து அதிகம் குவிந்திருப்பது அந்த நேரத்தில். ஜன்னல் மறைப்பைத் திறக்கச் சொல்வது வெளியே தீ தெரிகிறதா என்று பார்க்க. இரவில் விளக்கை மங்கலாக்குவது, திடீரென்று இருட்டில் வெளியேற நேர்ந்தால் கண் அதற்குள் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக.

வெளியேற்றத்துக்கு வகுத்திருக்கும் கெடு 90 நொடி. அதுவும் பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி. 2006 மார்ச்சில் ஹாம்பர்க்கில் ஏர்பஸ் 380-ஐச் சோதித்தபோது, 16 கதவுகளில் 8 மட்டும் திறந்து, 873 பேர் 78 நொடியில் இறங்கினார்கள். அது சோதனை. நிஜம் 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் வந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இறங்கும்போது ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. மெகாபோனிலும் வாய்விட்டும் கத்தியே 379 பேரையும் உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். எந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்பதை அந்தந்தக் கதவில் நின்ற பணியாளரே வெளியே பார்த்து முடிவு செய்தார். சைலன்ட் ரிவ்யூ எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்த விபத்தைத்தான் சொல்வேன்.

'ஸ்டெரைல் காக்பிட்' என்பது 10,000 அடிக்குக் கீழே விமானிகளோடு வேலை சம்பந்தமில்லாத பேச்சு கூடாது என்ற விதி. 1974 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஷார்லட் நகருக்கு அருகே ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் மூடுபனியில் விழுந்து 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒலிப்பதிவைக் கேட்டபோது, இறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியலும் பழைய காரும் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பின் 1981-இல் விதி வந்தது. காபி வேண்டுமா என்று கேட்கக்கூட அந்த நேரத்தில் காக்பிட்டைக் கூப்பிடக் கூடாது.

ஆனால் அமைதி காப்பதே ஆபத்தாகவும் முடியலாம். 1989 ஜனவரி 8 அன்று பிரிட்டனில் கெக்வொர்த் அருகே ஒரு போயிங் 737-இன் இடது எஞ்சின் பழுதானது. விமானிகள் தவறாக வலது எஞ்சினை நிறுத்தினார்கள். வலப்பக்கம்தான் கோளாறு என்று கேப்டன் அறிவித்தபோது, இடப்பக்கம் நெருப்பைக் கண்ணால் பார்த்த பயணிகளும் பணியாளர்களும் இருந்தார்கள். தகவல் காக்பிட்டுக்குப் போகவில்லை. 47 பேர் இறந்தார்கள். பணிக்குழு ஒருவரோடொருவர் பேசி ஒத்துழைப்பதைக் கற்றுத்தரும் 'சி.ஆர்.எம்.' என்ற பயிற்சியில் இந்தச் சம்பவம் இன்றும் பாடம். தொடக்கத்தில் விமானிகளுக்காக மட்டும் உருவான அந்தப் பயிற்சி, பின்னர் மொத்தப் பணிக்குழுவுக்கும் விரிந்தது. பயணியே சொன்னாலும் சரி, கண்டதைச் சொல்லிவிட வேண்டும் என்பது அதன் சாரம். அவசர நேரத்தில் கேப்டன் மூத்த பணியாளரிடம் 'நிட்ஸ்' என்ற ஒழுங்கில் பேசுவார்: என்ன பிரச்சினை, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, தனிக் குறிப்பு ஏதாவது உண்டா. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இன்னொரு முக்கியமான சுருக்கம் 'டி.யு.சி.' ஆக்சிஜன் போனபின் மூளை உருப்படியாக வேலை செய்யும் நேரம் என்று பொருள். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் கேபினுக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி மலை உச்சியில் இருப்பதுபோல், அதாவது ஊட்டியைவிடச் சற்று மேலே இருப்பதுபோல் வைத்திருப்பார்கள். வெளியே இருக்கும் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்குகூட இல்லை. கேபினின் அழுத்தம் போய்விட்டால் அந்த உயரத்தில் டி.யு.சி. 30 முதல் 60 நொடிதான். நினைவு தப்புவதற்கு முன்பே நிதானம் போய்விடும், போனது அவருக்கே தெரியாது. "முதலில் உங்கள் முகமூடி, பிறகு குழந்தைக்கு" என்பதன் காரணம் இந்தக் கணக்குதான். குழந்தையின் முகமூடியோடு தாய் ஒரு நிமிடம் போராடினால் இருவருக்கும் உதவ ஆளிருக்காது.

முகமூடியை இழுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பல விமானங்களில் தலைக்கு மேலே இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது, சோடியம் குளோரேட் அடைத்த டப்பா. இழுத்தால் வினை தொடங்கும், உப்பும் ஆக்சிஜனும் பிரியும், டப்பா கொதிக்கும். லேசாகக் கருகல் வாடை வந்தால் பயப்பட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிடுவார்.

மற்ற சுருக்கங்கள் பெரும்பாலும் சரக்குக் கணக்குபோல. 'பாக்ஸ்' என்றால் பயணிகள், 'யு.எம்.' தனியாக வரும் சிறுவர், 'டெட்ஹெட்' வேறு ஊரில் வேலை ஏற்கப் பயணியாக உட்கார்ந்து போகும் பணியாளர். உணவில் நம்மவர்கள் அதிகம் கேட்பது 'ஏ.வி.எம்.எல்.' என்ற ஆசிய சைவம்.

சக்கர நாற்காலிக் குறியீடுகளை மட்டும் டிக்கெட் போடும்போதே சரியாகச் சொல்லுங்கள். அப்பா அம்மாவைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்புபவர்களுக்கு இது மிகவும் தேவை. 'டபிள்யூ.சி.எச்.ஆர்.' என்றால் படி ஏற முடியும், நீண்ட தூரம் நடக்க முடியாது. 'டபிள்யூ.சி.எச்.எஸ்.' என்றால் படி ஏற முடியாது, உள்ளே இருக்கை வரை நடப்பார். 'டபிள்யூ.சி.எச்.சி.' என்றால் இருக்கை வரை தூக்கிப்போக வேண்டும், நடைபாதைக்குள் நுழையும் குறுகிய நாற்காலி வேண்டும். முழங்கால் வலியுள்ள தாய்க்கு முதல் குறியீட்டைப் போட்டுவிட்டு, ஏரோபிரிட்ஜ் (முனையத்திலிருந்து விமானத்துக்கு நேரே போகும் நடைபாலம்) இல்லாத இடத்தில் விமானம் நின்றால் அவர் படிக்கட்டின் அடியில்தான் நிற்பார். இரண்டாவதைப் போட்டிருந்தால் நாற்காலியோடு கதவு உயரத்துக்குத் தூக்கிவிடும் ஆம்புலிஃப்ட் வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருப்பார்கள்.