போல்கெரி ரெட் ஒயின் வாங்குறதுக்கு முன்னாடி லேபிள்ல இருக்குற சின்ன எழுத்தைப் படிங்க

இத்தாலியில டஸ்கனிங்குற பகுதில ஒரு ஹோட்டல்ல சொமெலியரா வேலை பாக்குறேன், அதாவது ஒயினைத் தேடி வாங்குறதுல இருந்து பத்திரமா வெச்சு மேசையில திறந்து ஊத்துற வரைக்கும் என் பொறுப்பு. போன சீசன்ல சுத்திப்பாக்க வந்த நம்ம தமிழ் ஆளு ஒருத்தர், அறுபது வயசுக்கு மேல இருக்கும், கையில ஒரு மரப்பெட்டியோட வந்தாரு. "தம்பி, எங்க கல்யாண நாள் இன்னிக்கு, இது சாஸ்ஸிகாயா 2015, நீங்களே திறந்து குடுங்க"ன்னாரு. சாஸ்ஸிகாயாங்குறது போல்கெரில பண்ற ரொம்பப் பேர்போன ரெட் ஒயின், 2015ங்கிறது அறுவடை வருஷம். எங்க வாங்குனீங்க ஐயான்னு கேட்டேன். ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட, கடை விலையில மூணுல ஒரு பங்குதான்னு சந்தோஷமா சொன்னாரு. எனக்கு அங்கேயே வயித்தைக் கலக்கிடுச்சு.

ஏன்னு சொல்றேன். 2020 அக்டோபர்ல இத்தாலியோட நிதிக்குற்றப் போலீஸ் போலி சாஸ்ஸிகாயா பண்ணுன ஒரு கும்பலைப் புடிச்சாங்க, ரோட்டுல விழுந்து கிடந்த ஒரே ஒரு பெட்டில இருந்து நூல் புடிச்சுப் போய் கண்டுபுடிச்சது. உள்ள ஊத்துனது சிசிலி ஒயின், பாட்டில் துருக்கில இருந்து, லேபிளும் மூடியும் பெட்டியும் பல்கேரியாவுல இருந்து. மாசத்துக்கு 700 பெட்டி, அதாவது 4,200 பாட்டில் போற அளவுக்கு ஏற்பாடு. அதுல 2015ம் இருந்துச்சு, ஏன்னா அந்த வருஷத்து சாஸ்ஸிகாயாவைத்தான் 2018ல ஒயின் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை அந்த ஆண்டோட சிறந்த ஒயின்னு சொல்லிச்சு, உலகம் பூரா தேடுனாங்க. வித்த விலை சந்தை விலையை விட 70 சதவீதம் கம்மி. ஐயா சொன்ன கணக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

அவர்கிட்ட இது போலின்னு நான் சொல்லலை, லேபிளைப் பாத்து மட்டும் அப்படி உறுதியா சொல்ல யாராலும் முடியாது. ஆனா பில்லும் இல்ல, வித்தவர் யாருன்னும் தெரியல, அதனால இதை என் கையால திறந்து ஊத்த மாட்டேன் ஐயா, மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன். அந்த அம்மா முகம் வாடுனது இன்னும் கண்ணுல நிக்குது. அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல போல்கெரிங்குற பேருக்கு ஏன் இவ்ளோ விலைன்னு தெரிஞ்சுக்கணும். போல்கெரி, லிவோர்னோ மாகாணத்துல, டிரேனியன் கடலை ஒட்டி இருக்குற சின்ன கிராமம், கீழ சான் குயிதோவுல இருந்து கிட்டத்தட்ட 5 கிலோமீட்டருக்கு சைப்ரஸ் மரம் ரெண்டு பக்கமும் வரிசையா நிக்குற ரோட்டுல ஏறிப் போகணும். மேற்க கடல், கிழக்க மலை. கடல்காத்து வெயிலோட சூட்டைத் தணிக்கும், மலை குளிர்காத்தைத் தடுக்கும், அதனால பழம் நிதானமா பழுக்கும். ஆனா அந்தக் காலத்துல இங்க நல்ல ரெட் வராதுன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. சாஸ்ஸிகாயாவை ஆரம்பிச்ச மாரியோ இன்சிசா தெல்லா ரொக்கெத்தா 1944ல கேபர்நேங்குற திராட்சைக் கொடியை இங்க நட்டாரு. அந்த மண்ணு கல்லும் சரளையுமா இருக்கும், சாஸ்ஸிகாயாங்குற பேரே இத்தாலியில கல்லுங்குற வார்த்தைல இருந்து வந்ததுதான். வருஷக்கணக்கா அது வீட்டுக்காரங்க குடிக்கிற ஒயினா மட்டும் இருந்துச்சு, 1968 அறுவடைதான் முதல்ல விற்பனைக்கு வந்துச்சு. 1978ல லண்டன்ல டிகாண்டர் பத்திரிகை நடத்துன கேபர்நே போட்டியில 1972 சாஸ்ஸிகாயா பிரெஞ்சு ஒயினையெல்லாம் தாண்டி முதல் இடத்துக்கு வந்துச்சு.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், இவ்ளோ நடந்தும் சட்டப்படி அது அப்போ வெறும் மேசை ஒயின், அதாவது அடிமட்ட வகைதான். 1983ல போல்கெரிக்கு டிஓசி, அதாவது எந்த ஊரு, எந்தத் திராட்சைன்னு விதி வெச்சுக் குடுக்குற ஊர்ப்பேர் அங்கீகாரம், குடுத்தப்போ வெள்ளை ஒயினுக்கும் ரோஸேங்குற இளஞ்சிவப்பு ஒயினுக்கும் மட்டும்தான் குடுத்தாங்க, 1994லதான் ரெட்டு உள்ள வந்துச்சு, 2013ல சாஸ்ஸிகாயாவுக்குன்னே தனி டிஓசி, அதுல குறைஞ்சது 80 சதவீதம் கேபர்நே சோவிஞான் இருக்கணும். 'சூப்பர் டஸ்கன்'னு கடையில சொல்றாங்களே, அந்த வார்த்தைக்கு சட்டத்துல எந்த அர்த்தமும் கிடையாது, யாரு வேணா எது மேல வேணா சொல்லிக்கலாம், தயவுசெஞ்சு அதை மட்டும் நம்பிக் காசு குடுக்காதீங்க. லேபிள்ல 'போல்கெரி ரோஸ்ஸோ'ன்னு இருந்தா அறுவடைக்கு அடுத்த வருஷம் செப்டம்பர்லயே கடைக்கு வரலாம், 'சுப்பீரியோரே'ன்னு இருந்தா குறைஞ்சது ரெண்டு வருஷம் வெச்சிருக்கணும், அதுல ஒரு வருஷமாவது ஓக் பீப்பாயில. வெறும் 'தொஸ்கானா ஐஜிடி'ன்னு இருந்தா அது டிஓசியை விட தளர்வான வகை, திராட்சை டஸ்கனில எங்க இருந்து வேணா வந்திருக்கலாம்.

இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாங்க, ஏமாத்துறவங்க யாருமே இல்லாமலே. சாஸ்ஸிகாயா பண்ற அதே தெனுத்தா சான் குயிதோ பண்ணை, குயிதால்பெர்த்தோன்னு ஒண்ணும் பண்றாங்க, அது ஐஜிடி, மெர்லோங்குற திராட்சையும் கலந்தது, நல்ல ஒயின்தான், ஆனா சாஸ்ஸிகாயா இல்ல. ஓர்னெல்லாயாங்குற இன்னொரு போல்கெரி பண்ணையும் அப்படியே, லே செர்ரே நுவோவே அவங்களோட ரெண்டாவது ஒயின், லே வோல்த்தே அதுக்கும் கீழ. வீட்டுப் பேரைப் பாத்துட்டு பெரிய ஒயின் விலையைக் குடுத்துடாதீங்க. ஓர்னெல்லாயாவை 1981ல லோதோவிக்கோ அந்தினோரி ஆரம்பிச்சாரு, பக்கத்துல நீலக் களிமண் இருக்குற ஒரு மேட்டுல விளையுற மெர்லோவுல பண்றதுதான் மசேட்டோ. அவரோட அண்ணன் பியெரோ அந்தினோரியோட பண்ணை குவாதோ அல் டாஸ்ஸோ, அங்க இல் புருச்சாத்தோன்னு விலை கம்மியான ரெட்டும் வருது.

என்னைக் கேட்டா, முதல் தடவை வாங்குறவங்க இந்தப் பெரிய பேரை விட்டுட்டு கிராட்டாமாக்கோ, மிக்கேலே சத்தா, லே மக்கியோலேன்னு மத்த போல்கெரி பண்ணைங்க பக்கம் போங்க. லே மக்கியோலேவை நடத்துறது சின்சியா மெர்லி, வீட்டுக்காரர் 2002ல இறந்ததுக்கு அப்புறம் அவங்கதான் தூக்கி நிறுத்துனாங்க. அவங்க பண்ற பாலேயோங்குற ஒயின் 2001ல இருந்து முழுக்க கேபர்நே ஃப்ராங்க்ங்குற திராட்சைதான், பச்சைக் குடைமிளகாய் வாசம் லேசா வரும், நான் யாருக்காவது போல்கெரியைப் புரியவைக்கணும்னா அதைத்தான் ஊத்துவேன். இவங்க பண்ற சாதாரண ரோஸ்ஸோல கூட அந்த மண்ணு தெரியும்.

வாங்குனதை ஆகஸ்ட் வெயில்ல கார் டிக்கில போட்டுட்டு பீச்சுக்குப் போயிடாதீங்க, கார்க் மேல தள்ளிட்டு வந்து ஒயின் கசிஞ்ச பாட்டிலை எத்தனையோ தடவை என்கிட்ட கொண்டுவந்து காட்டியிருக்காங்க, அது செத்துப்போச்சு, ஒண்ணும் பண்ண முடியாது.

இன்னொரு சின்ன எழுத்தும் இருக்கு, ஆல்கஹால் சதவீதம். இங்க ரெட்டு பெரும்பாலும் 14க்கு பக்கமா இருக்கும். 750 மில்லி பாட்டில்ல 14ன்னா 105 மில்லி சுத்தமான ஆல்கஹால். ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதுன்னு என் மேசையில வந்து சொல்றவங்ககிட்ட நான் தலையாட்டுறது இல்ல, ஆல்கஹால்ல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல தெளிவா சொல்லிடுச்சு. என் தொழிலுக்கு அது வசதியா இல்லைங்கறதுக்காக மறைக்கக் கூடாது.

அன்னிக்கு அந்த ஐயாவுக்கும் அம்மாவுக்கும் பாலேயோவுல ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊத்துனேன், பெட்டியைத் திறக்காமலே திருப்பி எடுத்துட்டுப் போய் வித்தவன்கிட்ட பில்லு கேக்குறேன்னு சொல்லிட்டுப் போனாரு. நீங்க எப்பவாவது உண்மையான சாஸ்ஸிகாயாவோ மசேட்டோவோ குடிச்சா, காலி பாட்டிலை அப்படியே குப்பையில போடாதீங்க, அதை எடுத்து மறுபடி நிரப்பி விக்கிறவங்க இருக்காங்க. நாங்க லேபிள் மேல பர்மனென்ட் மார்க்கர்ல குறுக்க ரெண்டு கோடு போட்டு, கார்க்கையும் ரெண்டா வெட்டிட்டுத்தான் வெளிய அனுப்புறோம்.