ஆமைக்குட்டிக்கு மீன்தொட்டி வேண்டாம்

தமிழில் எல்லாமே ஆமைதான். குளத்தில் நீந்துவதும் ஆமை, கடற்கரையில் முட்டையிட வருவதும் ஆமை, வறண்ட நிலத்தில் புல் மேய்வதும் ஆமை. இந்த ஒற்றைச் சொல்லாலேயே சாகும் குட்டிகள் உண்டு. கடையில் நிலத்தாமைக் குட்டி வாங்கும்போது பக்கத்து அடுக்கில் இருக்கும் இரண்டடி மீன்தொட்டியையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அதில் நாலு விரற்கடை தண்ணீர், நடுவில் ஒரு கல். நிலத்தாமைக்கு நீந்தத் தெரியாது. விடிவதற்குள் மூழ்கிவிடும். விரலிடைச் சவ்வு இல்லாமல், கால்கள் யானையின் கால் போல உருண்டு தடித்திருந்தால் அது நிலத்தாமை. அதற்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டாம், ஈரம் காக்கும் மூடிய பெட்டிதான் வேண்டும்.

பெட்டிக்குப் போகுமுன் இனத்தைப் பார்த்துவிடுங்கள். ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் இருந்தால் அது நம் ஊர் நட்சத்திர ஆமை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ராசிக்கு வைத்திருக்கிறோம் என்று சொன்னாலும் சட்டம் கேட்காது. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. இங்கே பேசுவது ஆப்பிரிக்காவில் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியைச் சேர்ந்த சல்கேட்டா ஆமைக்குட்டியைப் பற்றி. இதையும் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட முடியாது. 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இன்று நாற்பது கிராம் இருக்கும் இந்தக் குட்டி வளர்ந்தால் ஐம்பது கிலோவைத் தொடலாம். உங்களுக்குப் பின்னும் உயிரோடு இருக்கலாம். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் இந்த இடத்திலேயே யோசித்துவிடுவது நல்லது.

சல்கேட்டா பாலைவன ஆமை, அதனால் வறட்சிதான் வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. சாஹேலில் வெயில் கொளுத்தும் மாதங்களில் இந்த ஆமைகள் வளை தோண்டி ஆழத்தில் கிடக்கும். அங்கே மண்ணில் ஈரம் இருக்கும். வியன்னாவில் சல்கேட்டா குட்டிகளைப் பொரித்த நாளிலிருந்து ஐந்து மாதம் வெவ்வேறு ஈரப்பதத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 2003-இல் வெளிவந்த அந்த ஆய்வில், வறண்ட காற்றில் வளர்ந்தவற்றின் ஓடுதான் கோபுரம் கோபுரமாகப் புடைத்தது. தீவனத்தில் புரதம் கூடியதும் குறைந்ததும் சின்ன வித்தியாசமே செய்தது. அப்படி மேடிட்ட ஓடு பிறகு சமமாவதில்லை. முதல் இரண்டு வருடம் குட்டி எந்தப் பெட்டியில் கிடந்தது என்பது ஆயுசு முழுக்க அதன் முதுகில் எழுதியிருக்கும்.

ஆகவே பெட்டியிடம் கேட்க வேண்டியது மூன்று. ஈரத்தைப் பிடித்து வைக்குமா? உள்ளே விளக்குகளைச் சரியான உயரத்தில் மாட்ட இடமிருக்கிறதா? குட்டியின் கண்மட்டத்தில் சுவர் ஒளி ஊடுருவாததா? மீன்தொட்டி மூன்றிலும் தோற்கிறது. மேலே திறந்திருப்பதால் விளக்கின் சூட்டில் ஈரம் முழுக்கப் பறந்துவிடும். இரண்டடி நீளத்தில் ஒரு முனை சூடு, ஒரு முனை குளுமை என்று பிரிக்க முடியாது. கண்ணாடிச் சுவர் என்பதே குட்டிக்குப் புரியாது. நாள் முழுக்க மூக்கால் முட்டிக்கொண்டு மூலையில் ஏறி ஏறி மல்லாக்க விழும். விளக்கடியில் மல்லாக்கக் கிடந்தால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும்.

தச்சரிடம் செய்துகொள்வதே சிக்கனம். மாடுலர் கிச்சன் அலமாரிக்குப் பயன்படுத்தும் 18 மில்லிமீட்டர் பி.வி.சி. பலகையில் எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்றும், முன்பக்கத்துக்கு ஒரு சிறு துண்டும் போதும். ஷீட்டை நாலுக்கு இரண்டு அடியாக நான்கு துண்டு போட்டால் அடி, கூரை, பின்சுவர் மூன்றும் வந்துவிடும். நாலாவதைச் சரிபாதி வெட்டினால் இரண்டு பக்கச் சுவர். முன்பக்கம் கீழே ஆறு அங்குலத்துக்கு அந்தத் தனித் துண்டுப் பலகை, அதற்கு மேல் இழுவைக் கண்ணாடி. பக்கச் சுவர்களில் மேலே, இரண்டு அங்குல அளவில் ஆளுக்கொரு காற்றுத் துளை போட்டுக் கம்பி வலை அடித்துவிடுங்கள். பிளைவுட் என்றால் உள்ளே எபாக்சி பூச வேண்டும். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் உப்பிவிடும். மூட்டுகளுக்கு மீன்தொட்டிக்குப் பயன்படும் சிலிக்கானே வேண்டும். குளியலறைச் சிலிக்கானில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். பூசி முடித்தபின் வாடை முழுக்கப் போகும்வரை திறந்தே வையுங்கள்.

தரைக்குக் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். ஐந்து கிலோ கட்டி ஒன்றை ஊறவைத்தால் இந்தப் பெட்டிக்கு எட்டு சென்டிமீட்டர் ஆழம் நிரப்பத் தேவையான ஏறக்குறைய 58 லிட்டர் கிடைத்துவிடும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள், சில கட்டிகளில் உப்பு அதிகம். தண்ணீரை மேலே தெளிக்காமல் மூலையில் ஊற்ற வேண்டும். அடி நனைந்து மேல்பரப்பு காய்ந்திருந்தால்தான் வயிற்று ஓடு அழுகாது. ஆற்று மணல், எம்-சாண்ட் இரண்டும் தீவனத்தோடு வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். செய்தித்தாளில் கால் வழுக்கும், ஈரமும் நிற்காது.

குட்டி ஒளிந்துகொள்ள உடைந்த மண்பானையின் பாதியைக் கவிழ்த்துப் பாதி புதைத்து வையுங்கள். உள்ளே எப்போதும் ஈரமாக இருக்கட்டும். கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் குகைகளைவிட இது மேல். தீவனத்தைக் கடப்பா கல் துண்டின் மேல் போட்டால் அலகும் நகமும் தானாகத் தேயும். தண்ணீருக்குப் பூந்தொட்டியின் அடித்தட்டு போதும். விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி புதைக்க வேண்டும். தண்ணீர் குட்டியின் தாடைக்கு மேல் வரக் கூடாது.

செலவை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் விளக்கு. இரண்டு வேலைக்கு இரண்டு விளக்கு. சூட்டுக்கு 50 வாட் ஹாலஜன், பீங்கான் ஹோல்டரில், பெட்டியின் ஒரு முனையில். பி.வி.சி. சூட்டில் இளகும், அதனால் விளக்கு சுவருக்கும் கூரைக்கும் ஒட்டாமல் தொங்க வேண்டும். அதன் நேர்கீழே 35 டிகிரி, மறுமுனையில் 26 முதல் 28 டிகிரி. அடுத்தது யூ.வி.பி. என்ற புற ஊதாக் கதிர் தரும் குழல் விளக்கு: டி5 ரகம், 10 அல்லது 12 சதவீதம் என்று குறித்தது, 24 வாட், குட்டியின் முதுகிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் உயரத்தில், இடையில் வலை இல்லாமல். இந்தக் கதிர் இல்லையென்றால் தோலில் வைட்டமின் டி உருவாகாது, தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. ஓடு நகம் போல வளைவது, தாடை ரப்பர் போல ஆவது, நடக்கும்போது வயிறு தரையில் இழுபடுவது எல்லாம் அதன் அடையாளம். ஜன்னலோரம் வெயில் வருகிறதே என்பார்கள். ஜன்னல் கண்ணாடி யூ.வி.பி.யைத் தடுத்துவிடும், சூடு மட்டும்தான் உள்ளே வரும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் ஒரு வருடத்தில் கதிர் குறைந்துவிடும். மாட்டிய தேதியைப் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். இரண்டும் டைமரில் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் போதும். இரவில் வெளிச்சம் வேண்டாம், சிவப்பு பல்பும் வேண்டாம்.

இங்கேதான் நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அளவுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. சென்னையில் மே மாதப் பகலில் அறையே 34 டிகிரி இருக்கும்போது மூடிய பெட்டிக்குள் ஹாலஜனும் எரிந்தால் குட்டி வெந்துவிடும். சூடு ஏறினால் விளக்கைத் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மூடிய பெட்டி வைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஹாலஜன் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் எரிந்தாலே அதிகம், யூ.வி.பி. மட்டும் வழக்கம் போல. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் இதற்கு நேர்மாறு. அங்கே இரவுக்கு வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டர் தேவைப்படும். ஏ.சி. ஓடும் அறையில் காற்று எவ்வளவு வறளும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஓயாமல் சுற்றும் மின்விசிறிக்கு நேர் கீழேயும் திறந்த பெட்டி காய்ந்துவிடும். ஈரப்பதமானியின் நுனியைக் கூரையில் ஒட்டாதீர்கள். குட்டியின் முதுகு உயரத்தில் 70 முதல் 80 சதவீதம் காட்ட வேண்டும்.

ஒரு பெட்டிக்கு ஒரு குட்டி. தனியாக இருந்தால் ஏங்கிவிடும் என்று சொல்லி ஜோடியாக விற்பார்கள். ஒன்று கொழுக்கும், மற்றது தீவனத்தையும் சூடான முனையையும் விட்டுக்கொடுத்துவிட்டு மூலையில் ஒடுங்கும். சண்டை கண்ணில் படாது, எடையில்தான் தெரியும்.

எறும்பு சின்ன விஷயம் இல்லை. கண்ணையும் வாயோரத்தையும்தான் முதலில் மொய்க்கும். எறும்புச் சாக்கட்டி பூச்சிக்கொல்லி, பெட்டியைச் சுற்றிக் கோடு போடவே கூடாது. பெட்டியைக் கால் வைத்த ஸ்டாண்டில் ஏற்றி, ஒவ்வொரு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். அந்தக் காலத்துச் சமையலறை அலமாரிக்குச் செய்தது போலத்தான். சமையலறையில் மட்டும் பெட்டி வேண்டாம். ஆமையின் குடலில் வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி சகஜம். தண்ணீர்த் தட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவவும் கூடாது.

எல்லாம் மாட்டியபின் குட்டி இல்லாமல் மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். காலை, மதியம், நள்ளிரவு என்று மூன்று வேளையும் இரு முனைகளின் வெப்பத்தையும் ஈரத்தையும் குறித்து, எகிறினால் விளக்கின் உயரத்தை மாற்றுங்கள். குட்டி வந்தபின் வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை. தொடர்ந்து இரண்டு வாரம் குறைந்தால், முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள். அதில் கோளாறு இல்லையென்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் குட்டியோடு அந்தக் குறிப்பையும் எடுத்துப் போங்கள்.