வருமான இடைவெளியும் மட்டக்களப்பு வாவியின் மதிப்பும்

மட்டக்களப்பு வாவிக்கரையின் கண்டல் காடு (அலையாத்திக் காடு) இறால் குஞ்சுகளை வளர்க்கிறது, கரை அரிப்பைத் தடுக்கிறது. இந்த வேலைக்குச் சந்தை விலை கிடையாது. அதனால் பொருளியலாளர்கள் குடும்பங்களிடமே கேட்கிறார்கள்: "இதைக் காக்க மாதம் எவ்வளவு தருவீர்கள்?" பதில்களின் கூட்டுத்தொகை செலவை மிஞ்சினால் திட்டம் தேறும்.

வருமானம் நான்கு மடங்கானாலும் தரச் சம்மதிக்கும் தொகை நான்கு மடங்காவதில்லை. பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவது இதைத்தான். கணக்குக்காக, அத்தொகை வருமானத்தின் வர்க்கமூலம் என்று கொள்வோம். 1000 குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் மாதம் 100,000 ரூபாய்: குடும்பத்துக்கு ஏறக்குறைய 316, மொத்தம் 316,000. இனிப் பாதிப்பேருக்கு 40,000, மீதிப்பேருக்கு 160,000. அவர்கள் தருவது 200, 400, மொத்தம் 300,000. ஊரின் மொத்த வருமானமும் வாவியும் மாறவில்லை. ஆனாலும் காக்கும் செலவு 310,000 என்றால், முதல் ஊரில் திட்டம் தேறும், இரண்டாவதில் விழும். கண்டல் காட்டை அழித்தது ஏழைகளின் அறியாமை என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இயற்கை தருவதைக் காசால் ஓரளவு ஈடுகட்ட முடிந்தால்தான் இப்படி நடக்கும்: வாவி இறால் இல்லையென்றால் கடை இறால். ஈடு காண்பது மிகக் கடினமானால் விளைவு தலைகீழாகி, ஏற்றத்தாழ்வு மொத்தத்தைக் கூட்டும்.

களத்தில் பெரிய பிழை பூச்சியம் என்ற பதிலில் நடக்கிறது. வீச்சுவலையோடு வாவியை நம்பி வாழ்பவர் "ஒன்றும் தர ஏலாது" என்றால், வாவி அவருக்கு வேண்டாம் என்று பதிந்துவிடுகிறார்கள். கையில் காசில்லை என்பதே அவர் சொன்னது. காரணத்தை வினாக்கொத்தில் தனியாகக் கேட்க வேண்டும். காசுக்குப் பதிலாக, கண்டல் நட எத்தனை நாள் வருவீர்கள் என்றும் கேட்கலாம். ஆனால் அந்த நாட்களை அவரவர் கூலியால் பெருக்கினால் அதே இடைவெளி பின்கதவால் நுழையும்; நாட்களை நாட்களாகவே கூட்ட வேண்டும்.

இன்னொரு வழி, ஏழைக் குடும்பத்தின் ரூபாய்க்குக் கூடுதல் நிறை கொடுப்பது: சராசரி வருமானத்தைக் குடும்ப வருமானத்தால் வகுத்து, ஈவை ஓர் அடுக்குக்கு உயர்த்துவது. பிரித்தானியத் திறைசேரி வழிகாட்டியிலுள்ள 1.3 என்ற அடுக்கைப் போட்டால், சராசரி 100,000 ஆகும்போது 40,000 குடும்பத்தின் ஒரு ரூபாய் ஏறக்குறைய 3.3 ரூபாயாகவும், 160,000 குடும்பத்தின் ரூபாய் 54 சதமாகவும் எண்ணப்படும். செலவுப் பக்கத்துக்கும் இதே நிறை வேண்டும். கண்டல் வலயத்தில் வலை வீசத் தடை விதித்தால், 40,000 வருமானமுள்ள மீனவர் இழக்கும் ஒவ்வொரு ரூபாயும் 3.3 ஆகத்தான் செலவில் ஏற வேண்டும்.